சந்தோஷம்னு ஒரே வார்த்தை, உள்ள இருக்கிறது மூணு சங்கதி

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் எங்க சித்தப்பாவுக்கு ஒரு சின்ன கொலுசு பட்டறை இருக்கு, நாலு பலகை, நாலு ஆளு, அவ்வளவுதான். வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் கொறஞ்சு, நாலு ஆளு ரெண்டாகி, ஒரு கட்டத்துல வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னு ஆயிருச்சு. மனுசனுக்கு தூக்கம் போச்சு, சோறு எறங்கல. அப்பதான் தெரிஞ்சவரு ஒருத்தரு "வாங்க, மனசு லேசாகும்"னு ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த பாசிட்டிவ் திங்கிங் வகுப்புக்கு கூட்டிட்டுப் போனாரு. மைக் பிடிச்சவரு ரெண்டு மணி நேரம் பேசினாராம், கஷ்டம்னு ஒண்ணு வெளிய இல்லவே இல்ல, எல்லாம் உங்க நெனப்புலதான் இருக்கு, நெகட்டிவா நெனைக்கிறவனுக்கு நெகட்டிவாத்தான் நடக்கும், இதுக்குப் பேரு பாசிட்டிவ் சைக்காலஜி, இது சயின்ஸ், வெளிநாட்டுல நிரூபிச்சுட்டாங்கன்னு. வீட்டுக்கு வந்தவரு சட்டையக் கூட கழட்டாம திண்ணைல உக்காந்து எங்கிட்ட கேட்டாரு: "ஏங்கண்ணு, நீ சைக்காலஜி படிச்சவதான, கோளாறு எம்மனசுலதானா?"

அன்னிக்கு எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரல. இல்ல சித்தப்பான்னு சொன்னேன், ஆனா ஏன் இல்லைன்னு எடுத்துச் சொல்ல முடியல. நான் படிச்ச பாடத்தோட பேரச் சொல்லி ஒரு மனுசன அவரோட கஷ்டத்துக்கு அவரையே குத்தவாளி ஆக்கி அனுப்பியிருக்காங்க, அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்துச்சு. பாசிட்டிவ் சைக்காலஜின்னா நெசமாவே என்ன, சந்தோஷத்தப் பத்தி பழைய ஆளுங்க என்ன சொன்னாங்க, அது எங்க இதோட சேருது, இதெல்லாம் ஆரம்பத்துல இருந்து படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன்.

மொதல்ல அந்த வார்த்தையப் பிரிப்போம்

ஆடி மாசம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை பாத்திருப்பீங்க. சாமி வேஷம் போட்டு, ஜோடிச்ச வண்டி ஒண்ணொண்ணா லைட்டு வெளிச்சத்துல வரும்போது, புள்ளைய தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு கூட்டத்துல நிக்கிற அப்பாவக் கேட்டா "செம ஜாலிங்க"ம்பாரு. அது ஒரு சந்தோஷம்.

பொண்ணு கல்யாணம் முடிஞ்சு, வீட்டுக் கடனும் கட்டி முடிச்ச ஒரு அம்மா, முழங்கால் வலியோட கட்டில்ல உக்காந்துக்கிட்டு "எனக்கு என்னம்மா கொறை, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்றாங்க. அந்த நிமிஷம் அவங்களுக்கு குஷியெல்லாம் இல்ல, கால் விண்ணு விண்ணுனு தெறிக்குது. ஆனா மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பாத்து ஒரு மார்க் போடறாங்க. அது வேற சந்தோஷம்.

மூணாவது, எழவு வீட்ல கேக்கறது. பந்தல்ல உக்காந்து நாலு பேரு பேசிக்கறாங்க, "நல்லா வாழ்ந்த மனுசன்யா". இத அவரு சொல்லிக்கல, ஊரு சொல்லுது. அவரு எத்தன நாள் சிரிச்சாருன்னு யாரும் எண்ணல, எப்படி வாழ்ந்தாரு, யாருக்கு என்ன செஞ்சாரு, புள்ளைங்கள எப்படி ஆளாக்கினாருன்னு பாத்து சொல்றாங்க.

இந்த மூணுக்கும் நான் இங்க பேரு வச்சுக்கறேன்: அந்தந்த நேரத்து மனநிலைக்கு குஷி, மொத்தமா பாத்து போடற மார்க்குக்கு திருப்தி, நல்லபடியா வாழறதுக்கு நல்வாழ்வு. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரும், ஆனா ஒண்ணு இல்ல. கைக்கொழந்தை வச்சிருக்கிற தாய்க்கு தூக்கம் கெட்டு குஷி கொறைவா இருக்கும், திருப்தி நெறய இருக்கும். ராத்திரி முழுக்க ஃபோன்ல ரீல்ஸ் பாக்கறவனுக்கு குஷிக்குக் கொறைவில்ல, மறுநாள் காலைல கேட்டா வேற பதில் வரும். சந்தோஷத்தப் பத்தி நடக்கிற சண்டைல முக்காவாசி, ஒருத்தரு ஒண்ணப் பத்தி பேச இன்னொருத்தரு இன்னொண்ணப் பத்தி பதில் சொல்றதால வர்ற சண்டைதான்.

பாசிட்டிவ் சைக்காலஜி எங்க இருந்து வந்துச்சு

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல சைக்காலஜி பெரும்பாலும் நோய் பக்கமே போச்சு, போர்ல இருந்து திரும்பினவங்களுக்கு வைத்தியம் தேவப்பட்டுச்சு, ஆராய்ச்சிக்கு காசும் அங்கதான் கெடச்சது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா மனசு கெட்டா என்ன ஆகும்னு நெறய தெரிஞ்சுச்சு, மனசு நல்லா இருக்கிறவங்க எதனால நல்லா இருக்காங்கன்னு கொஞ்சமாத்தான் தெரிஞ்சுச்சு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மார்ட்டின் செலிக்மன் 1998ல அமெரிக்க உளவியல் சங்கத்துக்கு தலைவரா வந்தப்ப, இந்தப் பக்கத்தையும் ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணணும்னு கொடி பிடிச்சாரு. அவரு அதுக்கு முன்னாடி பேரு வாங்கினது நாய்களை வச்சு செஞ்ச ஒரு சோதனைல. 1967ல அவரும் ஸ்டீவன் மேயரும் செஞ்சது. நாய்க்கு ஷாக் வரும், அது என்ன பண்ணாலும் நிக்காது. அப்புறம் அதே நாய ஒரு பெட்டில விட்டாங்க, அங்க ஒரு சின்ன தடுப்பத் தாண்டிக் குதிச்சா போதும், ஷாக்ல இருந்து தப்பிச்சுக்கலாம். ஆனா அந்த நாய்ங்கள்ல பாதிக்கு மேல குதிக்கவே முயற்சி பண்ணல, படுத்து முனகிட்டே இருந்துச்சு. நாம என்ன செஞ்சாலும் ஒண்ணும் மாறாதுன்னு பட்டுப் பட்டு கத்துக்கிட்டு முயற்சியையே விட்டுடறது, இதுக்குப் பேரு லேர்ன்டு ஹெல்ப்லெஸ்னஸ், தமிழ்ல கற்ற கையறுநிலைன்னு சொல்லலாம்.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, மீதி நாய்ங்க கைவிடல, அது ஏன்னு கேட்டதுலதான் செலிக்மனோட பின்னால வந்த வேலைக்கெல்லாம் விதை இருக்கு. ரெண்டாவது, மேடைல யாரும் இத சொல்றதே இல்ல: அந்த நாய்ங்களோட பிரச்சனை அதுங்க மனசுல ஆரம்பிக்கல. ஷாக் நெசமாவே வெளிய இருந்து வந்துச்சு.

பாசிட்டிவ் சைக்காலஜி, அதாவது நேர்மறை உளவியல்னா, மனுசங்க வாழ்க்கை நல்லா போறதுக்கு என்னென்ன காரணம்னு அளந்து, சோதிச்சு, தப்புன்னா ஒத்துக்கிட்டு படிக்கிற ஒரு துறை. எப்பவும் நல்லதையே நெனைங்கன்னு சொல்றது பாசிட்டிவ் திங்கிங். அந்தப் பேர ஒரு அமெரிக்க பாதிரியார் எழுதின புத்தகம் 1952லயே ஊரெல்லாம் பரப்பிடுச்சு, இந்தத் துறை பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. பேர்ல ஒரு வார்த்தை ஒண்ணா இருக்கறதால ரெண்டும் ஒண்ணாயிடாது.

சொல்லப்போனா ஆராய்ச்சி சில எடத்துல பாசிட்டிவ் திங்கிங்குக்கு நேர் எதிரா சொல்லியிருக்கு. கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒரு உளவியலாளர் 1991ல, எடை கொறைக்கற சிகிச்சைல இருந்த பெண்கள்ட்ட படிச்சுப் பாத்தாங்க. என்னால முடியும்னு நம்பினவங்களுக்கு எடை நல்லா கொறஞ்சது. ஆனா ஒல்லியாகிட்ட மாதிரி, எல்லாம் ஈஸியா நடந்துட்ட மாதிரி கனவு கண்டவங்களுக்கு கொறஞ்சது கம்மி. நம்பிக்கை வேற, கனா வேற.

அளக்கறதுன்னா எப்படி

சந்தோஷத்த எப்படிங்க அளக்க முடியும், அது என்ன அரிசியான்னு கேப்பீங்க. டாக்டர் வலிய எப்படி அளக்கறாரு, பத்துல எவ்வளவு வலிக்குதுன்னு உங்களையே கேக்கறாருல்ல, அதே மாதிரிதான். எட் டீனர்னு ஒருத்தரு 1980கள்ல இதுக்கு சப்ஜெக்டிவ் வெல்பீயிங்னு ஒரு சட்டகம் போட்டாரு, தன் வாழ்க்கை எப்படி இருக்குன்னு ஒருத்தரு தானே சொல்றதுன்னு அர்த்தம். அதுல குஷிய தனியா கேப்பாங்க, திருப்திய தனியா கேப்பாங்க.

உலக நாடுகள வரிசைப்படுத்தி 2012ல இருந்து ஒரு உலக மகிழ்ச்சி அறிக்கை வருதே, பின்லாந்து 2018ல இருந்து மொதல் எடத்துல நிக்குதே, அதோட வரிசை ஒரே ஒரு கேள்விய வச்சுத்தான். ஒரு ஏணிய நெனச்சுக்கங்க, அடில பூஜ்யம், உச்சில பத்து. உச்சிப் படி உங்களுக்கு அமையக்கூடிய நல்ல வாழ்க்கை, அடிப் படி மோசமான வாழ்க்கை, இப்ப நீங்க எந்தப் படில நிக்கறீங்க? ஹேட்லி கேன்ட்ரில்னு ஒருத்தரு 1960கள்ல கொண்டு வந்ததால இது கேன்ட்ரில் ஏணி. கவனிச்சீங்களா, இது திருப்தியக் கேக்குது, குஷிய இல்ல. பின்லாந்துக்காரங்க தெருவுல சிரிச்சுக்கிட்டே திரியறாங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

இத சித்தப்பாகிட்ட கேட்டுப் பாத்தேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. "நாலு"ன்னாரு. அப்புறம் அவராவே, "ஆர்டர் பழையபடி வந்து அந்த ரெண்டு பேரையும் திருப்பிக் கூப்பிட்டா ஏழுன்னு வச்சுக்க"ன்னாரு.

இதுவரைக்கும்: சந்தோஷம்ங்கற வார்த்தைக்குள்ள குஷி, திருப்தி, நல்வாழ்வுன்னு மூணு இருக்கு. பாசிட்டிவ் சைக்காலஜி இதெல்லாம் அளந்து படிக்கிற துறை, நல்லதையே நெனைங்கன்னு சொல்ற வகுப்பு இல்ல.

ஏற்காட்டுக் குளிரும் லாட்டரிக் காசும்

மே மாசம் சேலத்து வெயில்ல வெந்து, அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய் எறங்கினதும் மேல படற காத்து இருக்கே, மொத அரை மணி நேரம் சொர்க்கம். சாயந்தரம் அதே காத்து சும்மா காத்து. மறுநாள் ஸ்வெட்டர் எங்கடின்னு கேக்கறோம். ஏரிக்கரைல டீக்கடை போட்டிருக்கிற அக்காகிட்ட "செம க்ளைமேட்டுக்கா"ன்னா, "ஆமா கண்ணு, துணிதான் காய மாட்டேங்குது"ங்கறாங்க. காத்து மாறல, நம்ம ஒடம்பு பழகிடுச்சு.

மனசும் இப்படித்தான் பழகும். புது பைக், புது வீடு, சம்பள உயர்வு, எல்லாமே கொஞ்ச நாள் தூக்கும், அப்புறம் மெதுவா பழைய மட்டத்துக்கு எறங்கிடும். இதுக்குப் பேரு ஹெடோனிக் அடாப்டேஷன், இன்பம் பழகிப்போறது. துன்பமும் ஓரளவுக்குப் பழகும், அதுதான் மனுசன காப்பாத்துது.

இத சொல்லும்போது ஒரு லாட்டரிக் கதை எல்லாரும் சொல்வாங்க, மண்டபத்துல மைக் பிடிச்சவரும் சொன்னாராம்: லாட்டரி அடிச்சவனும் விபத்துல கால் போனவனும் ஒரு வருஷத்துல ஒரே அளவு சந்தோஷமா ஆயிட்டாங்களாம். இது 1978ல ஃபிலிப் பிரிக்மனும் கூட ரெண்டு பேரும் செஞ்ச ஆய்வு. நெசமா அதுல என்ன இருக்கு? லாட்டரி அடிச்சவங்க 22 பேரு, விபத்துல ஒடம்பு செயலிழந்தவங்க 29 பேரு, சாதாரண ஆளுங்க 22 பேரு. சந்தோஷத்துக்கு 5க்கு எவ்வளவுன்னு கேட்டதுல லாட்டரிக்காரங்க 4, சாதாரண ஆளுங்க 3.82, விபத்துல சிக்கினவங்க 2.96. காசு வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்லங்கறது ஆச்சரியம்தான், விபத்துல சிக்கினவங்க நாம நெனைக்கற அளவுக்கு அடிமட்டத்துல இல்லங்கறதும் ஆச்சரியம்தான். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்கன்னு அந்த ஆய்வு சொல்லவே இல்ல. 4ம் 2.96ம் ஒண்ணா? அதுவும் மொத்தம் 73 பேரு.

2020ல ஸ்வீடன்ல 3000 பேருக்கு மேல லாட்டரி அடிச்சவங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. காசு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அவங்களோட திருப்தி உயர்ந்தே இருந்துச்சு, குஷில வந்த மாற்றம் அத விட ரொம்பக் கம்மி. இப்ப நாம மொதல்ல வார்த்தைய ஏன் பிரிச்சோம்னு தெரியுதா? காசு சந்தோஷம் தருமான்னு கேட்டா பதில் இல்ல. எந்த சந்தோஷம்னு கேட்டாத்தான் பதில் இருக்கு.

எல்லாமே பழகிடும்ங்கறதும் பொய். ஜெர்மனில வருஷா வருஷம் அதே ஆளுங்களைக் கேட்டு சேத்த கணக்கப் பாத்தா, வேலை போனவங்களோட திருப்தி எறங்கினது, மறுபடி வேலை கெடச்ச பிறகும் முழுசா பழைய மட்டத்துக்கு வரல. பெரிய ஒடல் ஊனமும் அப்படித்தான். ஏற்காட்டுக்கு உள்ள மலை கிராமத்துல இருந்து ராத்திரி பிரசவ வலின்னு ஒருத்திய வளைவு வளைவா கீழ கொண்டு வர்றது எத்தன தலைமுறை ஆனாலும் யாருக்கும் பழகாது. பழகிக்கோன்னு சொல்றவங்களுக்கு அந்த ரோட்டுல போற அவசியம் இருக்காது.

பட்டறைப் பலகைல நடக்கிறது

பாசிட்டிவ் சைக்காலஜில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நின்னு சொல்றேன்.

சித்தப்பா பட்டறைல ஒரு பெரியவரு இருக்காரு, நாப்பது வருஷமா கொலுசு பத்த வைக்கிறவரு, அதாவது வளையங்கள தீ காட்டி ஒட்டறவரு. அரிசி அளவு வளையம், அதுல இன்னொரு வளையம், சேர்ற எடத்துல துளியூண்டு பொடி, அதுமேல தீய காட்டணும். ஒரு நொடி கம்மியா காட்டினா ஒட்டாது, ஒரு நொடி கூடினா வளையமே உருகி முத்தாயிடும். பொடி எளகி பளிச்சுனு ஓடற அந்த கணத்துல கைய எடுக்கணும். அவரு பக்கத்துல அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், நான் வந்ததையே கவனிக்கல. ரேடியோ பாடிட்டு இருந்துச்சு, என்ன பாட்டுன்னு அப்புறம் கேட்டேன், "ரேடியோவா ஓடுச்சு?"ன்னாரு.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயின்னு ஒரு ஹங்கேரிய வம்சத்து உளவியலாளர், ஓவியருங்க, மலை ஏறறவங்க, செஸ் ஆடறவங்க, ஆபரேஷன் பண்ற டாக்டருங்க இப்படி நெறய பேரக் கேட்டு, எல்லாரும் ஒரே மாதிரி சொன்ன ஒரு நிலைய கண்டுபிடிச்சாரு, அதுக்கு ஃப்ளோன்னு பேரு வச்சாரு. வேலைல தன்னையே மறந்து மூழ்கிப் போற நிலை. அது எப்ப வரும்னா, என்ன செய்யணும்னு தெளிவா தெரியணும், செஞ்சது சரியா தப்பான்னு ஒடனே தெரியணும், அப்புறம் வேலையோட கஷ்டமும் நம்ம தெறமையும் ஏறக்குறைய சமமா இருக்கணும். வேலை ரொம்ப சுலபமா இருந்தா கொட்டாவி வரும், ரொம்ப கஷ்டமா இருந்தா பதட்டம் வரும், நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. அந்தப் பெரியவரோட பலகைல மூணும் இருக்கு.

இதுல விசேஷம் என்னன்னா, ஃப்ளோல இருக்கும்போது நான் சந்தோஷமா இருக்கேன்னு யாருக்கும் தோணாது. தோணறதுக்கு அங்க நான்னு ஒருத்தன் இருக்க மாட்டான். முடிச்சுட்டு நிமிரும்போதுதான் அடடா நல்லா போச்சேன்னு தெரியும். அந்த நேரத்துல குஷியான்னு கேட்டா பூஜ்யம், ஆனா வாழ்க்கைய தாங்கிப் பிடிக்கிறது அதுதான். ஆர்டர் நின்னப்ப சித்தப்பாவுக்கு காசு மட்டும் போகல, இதுவும் போச்சு. நாலு நாள் சும்மா உக்காந்திருக்கிற கைக்கு அது தெரியும்.

பழைய ஆளுங்க என்ன சொன்னாங்க

இதுவரை சொன்னதெல்லாம் அம்பது அறுவது வருஷத்துக்குள்ள வந்த ஆராய்ச்சி. கேள்வி ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு.

கிரேக்கத்துல ஹெரோடோட்டஸ்னு ஒரு பழைய வரலாற்று எழுத்தாளர் ஒரு கதை சொல்றாரு. லிடியா நாட்டு ராஜா குரோசஸ், பெரும் பணக்காரன், ஏதென்ஸ்ல இருந்து வந்த சோலோன்ங்கற அறிஞர்கிட்ட தன் கஜானாவ எல்லாம் காட்டிட்டு, உலகத்துலயே ரொம்ப சந்தோஷமான மனுசன் யாருன்னு கேட்டானாம். சோலோன் டெல்லஸ்னு ஒரு சாதாரண ஏதென்ஸ்காரன் பேர சொன்னாரு: நல்ல புள்ளைங்க, பேரப் புள்ளைங்க, கடைசில ஊருக்காக போர்ல செத்தான், ஊரே மரியாதை பண்ணுச்சு. ராஜாவுக்கு கோவம். சாகற வரைக்கும் யாரையும் அப்படி சொல்ல முடியாது, அதுக்கு முன்னாடி அதிர்ஷ்டக்காரன்னு வேணா சொல்லலாம்னாரு சோலோன். ராஜா கேட்டது குஷிய, சோலோன் சொன்னது நம்ம எழவு வீட்டுப் பந்தல்ல பேசறத.

அரிஸ்டாட்டில் இதையே ஒழுங்கா வாதம் பண்ணி சொன்னாரு. அவரோட வார்த்தை யூடைமோனியா, இத சந்தோஷம்னு மொழிபெயர்த்ததுலதான் பாதி கொழப்பம். அது ஒரு உணர்ச்சி இல்ல, மனுசன் தன்னோட நல்ல தெறமைகளையும் நல்ல கொணத்தையும் வாழ்நாள் பூரா பயன்படுத்தி வாழறது, நான் நல்வாழ்வுன்னு பேரு வச்சது. ஒரு தகைவிலான் குருவி வந்துட்டா வசந்தம் வந்துட்டதா ஆகாது, ஒரு நாள் சந்தோஷமும் அப்படித்தான்னு அவரு சொன்னாரு. நம்ம ஊர்ல சொல்றதுன்னா, ஒரு மழைக்கு மூக்கனேரி நெறஞ்சிடாது. அவரு இன்னொண்ணும் சொன்னாரு, இத நான் அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்: கொணம் மட்டும் போதாது, நண்பர்கள் வேணும், ஓரளவு காசு வேணும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேணும்.

எபிகூரஸ்னு இன்னொரு கிரேக்க தத்துவஞானி இன்பம்தான் நல்லதுன்னு சொன்னவரு, அதனால அவரு பேரு கெட்டுப் போச்சு, தின்னு குடின்னு சொன்ன ஆளுன்னு நெனைக்கறாங்க. அவரோட இன்பம் ஒடம்புல வலி இல்லாம, மனசுல கலக்கம் இல்லாம இருக்கிறது, அவ்வளவுதான். ரொட்டி, தண்ணி, ஏதென்ஸ்ல ஒரு தோட்டம், கூட நண்பர்கள். ஸ்டோயிக்னு ஒரு தத்துவக் கூட்டம், அதுல எபிக்டீட்டஸ் அடிமையா பொறந்தவரு, நம்ம கைல இருக்கிறது எது இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாருன்னு சொன்னாரு. இது எனக்குப் பிடிக்கும், ஆனா அடிமை தனக்குத் தானே சொல்லிக்கிட்ட வார்த்தைய எசமான் எடுத்து அடிமைக்கு சொன்னா அது வேற ஆயிடுது. ரொம்பப் பின்னால இங்கிலாந்துல ஜெரமி பெந்தம்னு ஒரு தத்துவஞானி 1789ல இன்பத்த கூட்டிக் கழிச்சு கணக்குப் போட்டு சட்டம் எழுதலாம்னாரு, அவரு வழில வந்த ஜான் ஸ்டூவர்ட் மில், எல்லா இன்பமும் ஒரே எடை இல்லன்னு திருத்தினாரு.

நம்ம தொல்காப்பியத்துல உவகை எதனால பொறக்கும்னு நாலு சொல்லியிருக்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன்னா அறிவு. காசு, அறிவு, அன்பான துணை, விளையாட்டு. செலிக்மன் 2011ல ஒரு நல்ல வாழ்க்கைக்கு அஞ்சு தூண் சொன்னாரு, பெர்மான்னு சுருக்கி: நல்ல உணர்ச்சி, ஈடுபாடு, உறவு, அர்த்தம், சாதிக்கிறது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, தொல்காப்பியர் பாட்டுல வர்ற உணர்ச்சியப் பத்தி பேசறாரு. ஆனா செலிக்மன் பட்டியல்ல காசு இல்ல, தொல்காப்பியர் மொதல்லயே வச்சுட்டாரு, அது எனக்கு நேர்மையா படுது.

இந்தப் பகுதில பாத்தது இவ்வளவுதான்: குஷிய மட்டும் சந்தோஷம்னு நெனச்ச பெரியவங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலானவங்க கேட்டது எப்படி வாழணும்ங்கறத.

இந்தத் துறை எங்க சறுக்குச்சு

ஒரு துறைய நம்பலாமான்னு பாக்கணும்னா அது தன் தப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கணும். 2005ல பார்பரா ஃப்ரெட்ரிக்சன், மார்சியல் லோசாடா ரெண்டு பேரு ஒரு கட்டுரை போட்டாங்க, ஒரு கெட்ட உணர்ச்சிக்கு 2.9013 நல்ல உணர்ச்சி இருந்தா மனுசன் செழிப்பான்னு. நாலு தசம ஸ்தானத்துக்கு மனசோட கணக்கு! கம்பெனி ட்ரெய்னிங்ல எல்லாம் மூணுக்கு ஒண்ணுன்னு பரவிடுச்சு. நிக் பிரவுன்னு ஒருத்தரு, வயசான பிறகு பகுதி நேரமா முதுகலை படிக்க வந்தவரு, இந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னு நோண்டினாரு. 2013ல அவரும் கூட ரெண்டு பேரும், திரவம் எப்படி ஓடுதுங்கற இயற்பியல் சமன்பாட்ட சம்பந்தமே இல்லாம மனசுக்குப் போட்டிருக்காங்கன்னு காட்டினாங்க. அந்தக் கணக்குப் பகுதிய வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. படிக்க வந்த ஒரு ஆள் கேட்ட கேள்விக்கு துறை பதில் சொல்லுச்சு, அதுதான் சயின்ஸ். ட்ரெய்னிங்ல இன்னும் மூணுக்கு ஒண்ணு ஓடிட்டு இருக்கு.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நடந்த மூணு நல்ல விஷயத்தையும் அது ஏன் நடந்துச்சுங்கறதையும் எழுதற பழக்கம் ஒண்ணு இருக்கு, 2005ல சோதிச்சப்ப நல்ல பலன் தெரிஞ்சுச்சு, பின்னால நெறய ஆய்வுகளைச் சேத்துப் பாத்தப்ப இந்த மாதிரி பயிற்சிகளோட பலன் சின்னதுன்னு தெரிஞ்சுச்சு. சின்னதுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, செஞ்சு பாருங்க, செலவில்ல. ஆனா டிப்ரஷன்ல இருக்கிறவங்களுக்கு டைரியக் கொடுத்து அனுப்பாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் போயிருந்தா டாக்டரப் பாக்கணும், அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416க்கு ஃபோன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. சித்தப்பாவையும் நான் மொதல்ல டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன்.

நரைக்காத தலை

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு பாத்து உக்காந்து பட்டினி கெடந்து, உசுர விடத் துணிஞ்சப்ப, பாத்தே பழகாத நண்பன் பிசிராந்தையார் பாண்டிய நாட்டுல இருந்து வந்தாரு. வயசான மனுசன், தலைல ஒரு நரை இல்ல. எப்படிங்க இதுன்னு சுத்தி இருந்த சான்றோருங்க கேட்டாங்க. புறநானூறு 191வது பாட்டு அதுக்கு அவரு சொன்ன பதில். இதையே இன்னிக்கு யார்கிட்டயாவது கேட்டா என்ன சொல்வாங்க, யோகா, பாசிட்டிவ் திங்கிங், நல்லெண்ணெய். அவரு சொன்னது: எம்பொண்டாட்டி நல்லவ, புள்ளைங்க அறிவா வளந்துட்டாங்க, நான் நெனைக்கறதையே எங்கிட்ட வேலை செய்றவங்களும் நெனைக்கறாங்க, ராஜா அக்கிரமம் பண்ணாம காப்பாத்தறான், எல்லாத்துக்கும் மேல, "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே".

எம்மனசு ஸ்ட்ராங்குன்னு ஒரு வரி கூட இல்ல பாருங்க. வீடு, வேலை செய்யற எடம், அரசாங்கம், ஊரு. உலக மகிழ்ச்சி அறிக்கைல நாட்டுக்கு நாடு ஏன் ஏணில வித்தியாசம்னு விளக்க எடுத்துக்கற ஆறு காரணம் என்னன்னா: தலைக்கு எவ்வளவு வருமானம், கஷ்டத்துல தாங்க ஆளு இருக்கா, ஆரோக்கியமா எத்தன வருஷம், வாழ்க்கைய முடிவு பண்ற சுதந்திரம், கொடுக்கற கொணம், ஊழல் எவ்வளவு. இதுல முக்காவாசி ஒருத்தரோட மண்டைக்கு வெளிய இருக்கு. ஹார்வர்டுல 1938ல ஆரம்பிச்சு இன்னும் நடக்கிற ஒரு ஆய்வும், அம்பது வயசுல உறவு நல்லா இருந்தவங்கதான் எம்பது வயசுல ஒடம்பும் நல்லா இருந்தாங்கன்னு சொல்லுது.

கொடுக்கற கொணம்னு சொன்னேன்ல. 2008ல எலிசபெத் டன்னும் கூட ரெண்டு பேரும், காலைல சிலருக்கு அஞ்சு டாலர் இல்ல இருபது டாலர் கொடுத்து, பாதிப் பேர உங்களுக்கே செலவு பண்ணுங்க, பாதிப் பேர அடுத்தவங்களுக்கு செலவு பண்ணுங்கன்னு சொன்னாங்க. சாயந்தரம் கேட்டா அடுத்தவங்களுக்கு செலவு பண்ணவங்க மனசு மேல இருந்துச்சு, அஞ்சா இருபதாங்கறது ஒரு பொருட்டா இல்ல. வள்ளுவர் இதுக்குத்தான் ஈத்துவக்கும் இன்பம்னு பேரு வச்சாரு.

இதெல்லாம் சேத்து, போன வாரம் பட்டறைல போய் சித்தப்பாவோட கேள்விக்கு பதில் சொன்னேன். "உங்க மனசுல கோளாறு இல்ல சித்தப்பா. ஆர்டர் இல்ல, கூட இருந்த ரெண்டு பேரு இல்ல, கைக்கு வேலை இல்ல. இது எல்லாம் போனா எந்த மனசும் இப்படித்தான் இருக்கும், அந்த மனசு சரியாத்தான் வேலை செய்யுது." அவரு ஒண்ணும் சொல்லல, ரொம்ப நேரம் கைல இருந்த சலங்கைய உருட்டிட்டே இருந்தாரு. அப்புறம் பாக்கெட்ல இருந்து காச எடுத்துக் கொடுத்து மூணு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு, எனக்கொண்ணு, அவருக்கொண்ணு, பக்கத்துப் பலகைல குனிஞ்சு தீ காட்டிட்டு இருந்த பெரியவருக்கு ஒண்ணு.